மாமியார் படித்த பாடத்திட்டம்

மருமகள் மாமியாரை வீட்டைவிட்டு அனுப்பினாள் என்றால் எங்கள் தெருவில் அது ஒரு வாரத்துப் பேச்சு. மாமியார் மருமகளை அனுப்பினால் அதுவும் கிடையாது, மூன்று நாள் போதும். ஆனால் மருமகள் மாமியாரைப் பரீட்சைக்கு வர வேண்டாம் என்று சொன்னதை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. அதை நான் காதால் கேட்டேன். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டு போனதுகூட எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

மாமியாரை எங்கள் தெருவில் எட்டுப்பிள்ளை அக்கா என்போம். பெற்றது ஒன்றே ஒன்று. வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலெல்லாம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாள், அவைதான் எட்டு. அந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலி கிடையாது, பாய்தான். தரையில் கால் வைத்தால் ஏதாவது ஒரு பொம்மை கத்தும். அக்காவின் புருஷன் போன பிறகு அடுப்பு எரிந்தது அந்த எட்டுப் பிள்ளைகளால்தான். இப்போது மகன் பஸ் டிப்போவில் மெக்கானிக், மருமகள் தொழிற்கல்லூரியில் ஆசிரியை. இருந்தாலும் அந்தக் கூடத்தை விட்டுக்கொடுக்க அக்காவுக்கு மனமில்லை. "கையில வேலை இல்லாம உக்காந்தா நான் உங்க எல்லாரையும் பாத்துக்கணும், தாங்குவீங்களா?" என்று மகனிடம் ஒருமுறை கேட்டதாகவும், அவன் உடனே வாயை மூடிக்கொண்டதாகவும் தகவல்.

அப்படியிருக்கையில்தான் உத்தரவு வந்தது. வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்கள் எல்லாரும் ஆண்டு முடிவதற்குள் குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு எங்கள் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு மாலை வகுப்பு. அதை நடத்தியது அக்காவின் மருமகள்.

இந்த விவரம் தெரிந்த அன்றே நானும் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். எனக்குப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை ஒன்றும் இல்லை. ஆனால் மாமியார் மாணவியாகவும் மருமகள் டீச்சராகவும் இருக்கும் ஓர் அறைக்கு வெளியே நிற்பது என்னால் முடிகிற காரியமா? தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன். தையற்கடைக்காரி மட்டும் நிஜமாகவே படிக்க வந்தவள்.

முதல் நாள் டீச்சர் ஆளுக்கொரு பாடத்திட்டம் கொடுத்தாள். ஓரத்தில் பின் அடித்த கனமான கட்டு. எந்த வாரம் என்ன பாடம், எதற்கு எவ்வளவு மதிப்பெண், எதை எப்படி எழுத வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும், வகுப்புக்கு வராதவர்களுக்கு என்ன வழி, டீச்சரை எப்போது எங்கே பார்க்கலாம் எல்லாம் அதில் இருந்தது. அன்று முழுக்க வேறு பாடமே இல்லை, பக்கம் பக்கமாக அதையே வாசித்து விளக்கினாள். "என்கிட்ட நீங்க என்ன எதிர்பாக்கலாம், உங்ககிட்ட நான் என்ன எதிர்பாக்கறேன், ரெண்டும் இதுல இருக்கு. அப்புறம் தெரியாதுன்னு யாரும் சொல்லக்கூடாது" என்றாள். படித்துப் புரிந்துகொண்டோம் என்று கடைசிப் பக்கத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். படித்தவர்கள் யாரும் இல்லை. அக்கா தன் கட்டை அன்றைக்கே வீட்டில் ஜன்னல் ஓரம் கொசு அடிக்க வைத்துக்கொண்டாள்.

அதில் ஒரு வரி மட்டும் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். பாடம் பற்றிய கேள்விகளை வகுப்பிலோ சந்திப்பு நேரத்திலோ மட்டும் கேட்க வேண்டும், வீட்டிலோ வழியிலோ கேட்கக் கூடாது. வீட்டில் என்ற வார்த்தையை அவள் வாசித்தபோது அறையில் இருந்த அத்தனை கண்ணும் ஒருவர்மேல் போய் நின்றன. அக்கா அசையவில்லை. தலையைக்கூடத் திருப்பாமல், "அது எனக்குத்தான், எல்லாரும் முன்னாடி பாருங்க" என்றாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அரை வருஷம் இருவரும் அந்த வரியைத் தாண்டவே இல்லை. வகுப்பில் மாமியார் "டீச்சர்" என்பாள், மருமகள் "சொல்லுங்கம்மா" என்பாள். வீட்டுக்குப் போனால் அத்தை, சாப்பாடு, கரண்டுக் கட்டணம், குழாயில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். நடுவில் உட்கார்ந்து சாப்பிடும் மகன் இளைத்துப் போனான். எங்களுக்கும் ஏமாற்றம்தான். கட்டிய பணத்துக்கு ஒரு சின்னச் சண்டையாவது வேண்டாமா?

சான்றிதழுக்கு இரண்டு காரியம் முடிய வேண்டும். ஒன்று, ஒரு குழந்தையை மாதக்கணக்கில் கவனித்து எழுதிய நோட்டு. மற்றது, வெளியிலிருந்து வரும் அதிகாரி முன்னால் செய்முறைத் தேர்வு. நோட்டைக் குறித்த நாளில் வகுப்பு முடியும் மணி அடிப்பதற்குள் கொடுத்தவர்கள்தான் தேர்வுக்கு வரலாம். நாள் ஒரு வியாழக்கிழமை என்று பாடத்திட்டத்தில் அச்சாகி இருந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை வகுப்பில் டீச்சர், தேர்வு அதிகாரி முன்கூட்டியே வருகிறார், அதனால் நோட்டை வருகிற செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லி எல்லாருக்கும் ஒரு சீட்டும் கொடுத்தாள்.

அன்றைக்கு அக்கா வரவில்லை. எட்டில் ஒன்றின் தாய் ஆஸ்பத்திரி நர்ஸ், மாற்றுக்கு ஆள் வராமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். பிள்ளையை விட்டுவிட்டு அக்கா எப்படி வருவாள்? வகுப்பு முடிந்து நானும் டீச்சரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவள் வீட்டுக் கதவைத் திறந்தபோது நான் எதிரில்தான் நின்றேன். பிள்ளை அக்கா மடியிலேயே தூங்கிவிட்டிருந்தது. "சாப்டீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டு மருமகள் உள்ளே போனாள். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சொல்லுவாள் என்று நான் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

வகுப்பில் இருந்த எல்லாரும் அப்படியே நினைத்தோம் என்பதுதான் வேடிக்கை. எதிர் வீட்டில் புதுத் திரைச்சீலை மாட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் தெருக்கோடிவரை தெரியும். அப்படிப்பட்ட நாங்கள், டீச்சரோடு ஒரே வீட்டில் இருப்பவளுக்கு நாம் போய்ச் சொல்வதா என்று, அந்த ஒரு சேதியை மட்டும் அத்தனை பேரும் வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் நோட்டுகளை மேசையில் அடுக்கினோம். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வியாழக்கிழமைதானே?" என்று என்னைக் கேட்டாள். நான் மேசையில் இருந்த நோட்டு அடுக்கைப் பார்த்தேன். டீச்சர்தான் பதில் சொன்னாள், போன வாரமே மாற்றியாயிற்று என்று.

நோட்டு வீட்டில் இருக்கிறது, கடைசிப் பக்கம்தான் பாக்கி, ஓடிப்போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்று அக்கா எழுந்தாள். அவள் வகுப்பைத் தாண்டி வாசலுக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது. டீச்சர் நோட்டுகளைக் கட்டிக்கொண்டே, குரல் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் சொன்னாள்.

"மணி அடிச்சதுக்கு அப்புறம் வாங்கறதில்லம்மா. செய்முறைத் தேர்வுக்கு நீங்க வர வேண்டாம். பாடத்திட்டத்துல இருக்கு."

அப்போது விழுந்ததுதான் என் பேனா. தையற்கடைக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான். அதற்குள் அக்காவின் கூடத்துக்குப் பூட்டு. ஆண்டு முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. எட்டுப் பிள்ளைகளும் எட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலை தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அந்த வீட்டிலிருந்து பாத்திரம் விழும் சத்தம்கூட வரவில்லை. அதைவிடப் பயம் வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை ஏதோ கேட்கப் போவதுபோல் போனேன். வாசலில் நின்றவள் நின்றபடியே இருந்துவிட்டேன். பிள்ளைகள் சுற்றிலும் தவழ்ந்துகொண்டிருக்க, அக்கா நடுவில் உட்கார்ந்து பாடத்திட்டத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கொசு ரத்தம் ஒட்டியிருந்த முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து முக்கால்வாசி வந்திருந்தாள். காதில் பென்சில். எங்கள் வகுப்பில் அதைக் கடைசிவரை படித்த ஒரே ஆள் அவள்தான், நானே சாட்சி.

தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அன்னைக்கு என்னைத் தவிர வேற யாரு வரல?"

"தையற்கடைக்காரி வரலக்கா. ஏதோ கல்யாண ஆர்டர்."

"அவளுக்கு யாரு சொன்னது?"

டீச்சர் கல்லூரியிலிருந்தே போன் பண்ணிச் சொன்னதாக அவளே சொன்னாள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே திக்கென்றது. அதுவரை அந்தக் கணக்கை நாங்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அக்கா பென்சிலை எடுத்து ஒரு வரியின் கீழே கோடு போட்டாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

போய் நாலு கேள்வி கேளுங்கள் அக்கா, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து உட்காருவாளே, அப்போது கேளுங்கள் என்று நான் ஏற்றிவிட்டேன். "வீட்ல கேக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. புதன்கிழமை சாயங்காலம் சந்திப்பு நேரமாம், இன்னைக்குத்தான். போறேன்" என்றாள்.

மகன் பாதி நாள் லீவு போட்டு எட்டுப் பிள்ளைகளுக்குக் காவல் உட்கார்ந்தான். நாங்கள் கிளம்பும்போதே ஒன்று அவன் தோளில் ஏறிவிட்டது, இன்னொன்று அவன் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. "அம்மா, சீக்கிரம் வாங்க" என்று அவன் சொன்ன குரலை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. பகல் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். பெரியவங்க முதல்ல போங்க என்றார்கள். முறை வரட்டும் என்று அக்கா மறுத்துவிட்டாள். முறை வந்தது. உள்ளிருந்து "அடுத்தவங்க" என்ற குரல். அக்கா உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அதைச் சாத்துவது என் வேலை இல்லை.

தலை நிமிர்ந்த டீச்சருக்கு முகம் வெளிறிப்போனது. வீட்டில் விடிய விடிய ஒரு சண்டைக்குத் தயாராகி, சண்டை வராமல் கண்ணே மூடாதவள் என்று பார்த்தாலே தெரிந்தது. "உக்காருங்க" என்றாள். அக்கா உட்கார்ந்து, பாடத்திட்டத்தைத் திறந்து மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"தேதி மாறினா, அன்னைக்கு வராதவங்களுக்கு நானே அன்னைக்கே தெரியப்படுத்துவேன்னு எழுதியிருக்கீங்க டீச்சர்."

"ஆமா."

"எனக்குத் தெரியப்படுத்தல."

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். நடுவில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. "உங்க சீட்டை எடுத்து வச்சிருந்தேன். அடுத்த வகுப்புல கையில குடுக்கலாம்னு." சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். அடுத்த வகுப்புதான் கடைசி நாள் என்று அவளுக்கும் தெரியுமே.

"தையற்கடைக்காரிக்குப் போன் பண்ணியிருக்கீங்க."

"பண்ணேன்." அவள் குரல் உள்ளே போய்விட்டது. "உங்களுக்கு வீட்ல வந்து சொன்னா, மாமியாருக்குச் சலுகைன்னு வகுப்புல பேசுவாங்க. மத்தவங்களுக்கு ஒரு வரி அதிகமா சொன்னாலும் பரவாயில்ல, உங்களுக்கு மட்டும் சொல்லிடக்கூடாதுன்னு பயந்து பயந்துதான் இந்த அரை வருஷமும் ஓட்டினேன்."

"நான் சலுகை கேட்டேனா? தையற்கடைக்காரிக்கு என்ன உண்டோ அது எனக்கும் உண்டான்னுதான் கேக்கறேன். வீட்ல சொல்லக்கூடாதுன்னா இங்கேருந்தே ஒரு போன் போட்டிருக்கலாமே. என் நம்பர் உங்ககிட்ட இல்லையா?"

வெளியே இருந்த எனக்கே நெஞ்சில் யாரோ குத்தியதுபோல் இருந்தது. உள்ளே இருந்தவளைக் கேட்க வேண்டுமா? டீச்சர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுதியதை வேறு யாரோ எழுதியதுபோல் முதல் தடவையாகப் படிக்கிறாள் என்று தோன்றியது. மாமியார் அழுதிருந்தால் சமாளித்திருப்பாள். கத்தியிருந்தால் இன்னும் சுலபம். இப்படித் தன்னுடைய வரியைத் தன்முன்னால் வைத்துவிட்டு ஒருத்தி பேசாமல் உட்கார்ந்திருப்பாள் என்று அவள் நினைத்தே இருக்க மாட்டாள்.

கடைசியில், "தப்பு என்னுது" என்றாள். தையற்கடைக்காரிக்குச் சேதி போனதிலிருந்து எத்தனை நாள் கிடைத்ததோ அத்தனை நாள் அக்காவுக்கும் என்று எண்ணி, ஒரு காகிதத்தில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அக்கா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, நன்றி டீச்சர் என்று எழுந்து வந்துவிட்டாள். திரும்பும் வழியில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "பிள்ளைங்க அவனை என்ன பாடு படுத்துதோ" என்றாளே தவிர வேறொன்றும் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் இன்னொரு அதிர்ச்சி. டீச்சர் பாடம் தொடங்குவதற்கு முன்னால் நின்று, தேதி மாற்றத்தை ஒருவருக்குத் தெரிவிக்கத் தவறிவிட்டேன், அவரைத் தேர்வுக்கு வர வேண்டாம் என்று சொன்னது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னாள். எத்தனை வருஷமாக எத்தனை வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு என்னுது என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன். பின் பெஞ்சில் ஒருத்தி, கொடுத்த நோட்டைத் திரும்ப வாங்கி நாமும் நாலு நாள் கூட எழுதலாமா என்று மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்குத்தான் அன்னைக்கே சொன்னேனே, அப்புறம் எதுக்கு?" என்று டீச்சர் பழைய டீச்சராகிவிட்டாள்.

அக்காவின் நோட்டை மருமகள் திருத்தக்கூடாது என்று ஆரம்பத்திலேயே பிரின்சிபால் சொல்லியிருந்ததால், அது வேறொரு ஆசிரியரிடம் போனது. அவர் கஞ்சன். பாஸ் போட்டார், அதற்குமேல் ஒன்றும் போடவில்லை. குழந்தையைப் பற்றி எழுதச் சொன்னால் அதன் அப்பா அம்மாவைப் பற்றி அதிகம் எழுதியிருப்பதாக ஓரத்தில் குறிப்பு வேறு. நான் அந்த நோட்டை வாங்கிப் படித்தேன். அவர் சிவப்பு மையால் அடித்த இடங்கள்தான் நன்றாக இருந்தன.

செய்முறைத் தேர்வு நாளில் டீச்சர் உள்ளே இருக்கக் கூடாது, உறவு. அதனால் வராந்தாவில் நின்றாள். நான் என் முறையை முடித்துவிட்டு (அதைப் பற்றிப் பேச வேண்டாம், அந்தக் குழந்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை) அவள் பக்கத்தில் போய் நின்றேன். கதவில் சின்னக் கண்ணாடி. உள்ளே அக்கா முன்பின் தெரியாத ஒரு குழந்தையை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி பேனாவோடு எதிரில். குழந்தை கையைத் தட்டிவிட்டது, ஸ்பூன் தரையில் விழுந்தது. அக்கா அதை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தாள்.

என் பக்கத்தில் ஒரு முனகல். டீச்சர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, கல்லூரிக்குள் வாயைத் திறந்து சொல்லாத வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கழுவுங்க அத்தை. கழுவுங்க. ஐயோ, அத்தை, கழுவுங்க." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சொன்னால் அந்தப் பக்கம் எப்படிக் கேட்கும்? மணி அடித்ததும் நோட்டை வாங்க மாட்டேன் என்ற அதே பெண்தான் இவள்.

அக்கா ஸ்பூனைக் குழந்தையின் வாய்ப்பக்கம் கொண்டுபோனவள் நிறுத்தினாள். ஸ்பூனைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து குழாய்க்குப் போனாள். அதிகாரி ஏதோ எழுதினார். துடைத்ததற்குக் குறைத்தாரா, கழுவியதற்குக் கொடுத்தாரா, தெரியவில்லை. டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விட்டாள், வராந்தாத் தரையில், அத்தனை மாணவிகள் பார்க்க.

சாயங்காலம் முடிவை வாசித்தார்கள். அக்கா தேறிவிட்டாள். முதல் பத்தில் இல்லை, கடைசி ஐந்தில். ஆனால் அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார். வருஷம் முடிந்தாலும் கூடத்துக்குப் பூட்டு வராது. என் முடிவை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். வகுப்பு தொடங்கியதிலிருந்து அவர்கள் ஒன்றாகப் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை, ஒருத்தி முன்னால் போனால் மற்றவள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். நான் முண்டியடித்து இரண்டு சீட்டு பின்னால் இடம் பிடித்தேன். நடுவில் ஒரு மனிதன் போனில் தன் வீட்டு மோட்டார் ரிப்பேரைப் பற்றி உலகத்துக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தான். முன்னால் அக்கா குனிந்து ஏதோ சொன்னாள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று எழுந்து பார்த்தேன். சிரிக்கிறாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் தானும் சிரிக்கிறாள். மோட்டார்க்காரன் மட்டும் நிறுத்தவே இல்லை.

இறங்கியதும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டுவிட்டேன், அப்படி என்னக்கா சொன்னீங்க என்று.

"உனக்கு எதுக்கு? அது வீட்டு விஷயம்" என்று கையை உருவிக்கொண்டு, மருமகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.